எப்போதிருந்து?



செப்டம்பர் மாதக் கடைசியில் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைத் தெருக்களில் நடக்க இடம் கிடைக்காது. கொஸ்மா, தமியானோ என்ற இரு சகோதரர்களின் சுரூபங்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஊர் இளைஞர்கள் வெறுங்காலுடன் ஓட்டமும் ஆட்டமுமாகப் போவார்கள். சீர்திருத்த சபையாராகிய நாம் சுரூபங்களைச் சுமப்பதில்லை. ஆனாலும் அயலவரின் திருநாளை வாசலில் நின்று பார்த்திருக்கிறோம். அந்த இருவரும் யார் என்று கேட்டால் இந்த ஊர்ச் சின்னப் பிள்ளையும் சொல்லும்: நோயாளிகளிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த மருத்துவர்கள் என்பது இவர்களின் பாரம்பரியம்.

இந்த மாதம் நாம் பேசப்போவதும் மருத்துவரைப் பற்றித்தான். சரியாகச் சொன்னால், மருத்துவருக்கு முன்னால் உட்காரும்போது நம் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதைப் பற்றி.

நாம் நன்கு அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை அவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறோம். பெயர் வேண்டாம். மகனுக்கு அப்போது 21 வயது. சிறு வயதில் பல ஆண்டுகள் தமிழ்நாட்டில் அம்மம்மாவோடு இருந்து, 17 வயதில் இங்கே பெற்றோரிடம் வந்தவன். கடற்கரையில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. ஒரு சனி இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை. இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிட்டது. கூட வேலை செய்தவர்கள் 112ஐ அழைத்தார்கள்.

புரொந்தோ சொக்கோர்சோவுக்கு அம்மாவும் 15 வயதுத் தங்கையும் ஓடினார்கள். அம்மாவுக்கு இத்தாலியன் கொஞ்சம்தான் தெரியும். இங்கே பல வீடுகளில் நடப்பதுபோல, பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: இது முன்பும் வந்திருக்கிறதா?

வந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஓர் இரவு, வீட்டில். அம்மா அதை யாருக்கும் சொல்லவில்லை. எண்ணெய் பூசி, இரவெல்லாம் முழங்காலில் நின்று ஜெபித்தார். வெளியே தெரிந்தால் பையனுக்கு வேலை போய்விடும், ஸ்கூட்டர் ஓட்ட விடமாட்டார்கள், நாளைக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், சபையில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்ற பயம். அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னதும் அம்மா மகளைப் பார்த்த பார்வையே பதில். தங்கை மருத்துவரிடம், 'இல்லை, இதுதான் முதல் தடவை' என்றாள்.

தலையை தாக் எடுத்தார்கள். ஊரில் சி.டி. ஸ்கேன் என்பதைத்தான் இங்கே தாக் என்கிறார்கள். மூளையின் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை வளையம். அதைச் சுற்றி வீக்கத்தின் கருநிழல். மருத்துவர் நாலைந்து காரணங்கள் இருக்கலாம் என்று சொல்லி வரிசையாகச் சொன்னார். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று: துமோரே. அதை மட்டும் தமிழில் சொன்னாள். புற்றுநோய் என்ற நினைப்போடு அந்த வீடு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் வேறொரு மருத்துவர் வந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு படத்தை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'தம்பி எங்கே பிறந்தான்? எந்தெந்த நாட்டில், எந்த மாதிரி ஊரில், எத்தனை வருடம் இருந்தான்? வீட்டில் யாருக்காவது காசநோய் வந்ததா? உண்மையாகவே இதுதான் முதல் தடவையா?' தங்கை இந்த முறை அம்மாவைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த மருத்துவர் தலையாட்டிவிட்டு ரிசொனான்சா எடுக்கச் சொன்னார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் அது. வளையத்துக்கு உள்ளே ஒரு சின்னப் பொட்டு தெரிந்தது. புற்றுநோய் அல்ல. செத்துக்கொண்டிருந்த ஒரு புழுவின் குஞ்சு.

படிக்கும்போது அருவருப்பாக இருக்கலாம். ஆனால் இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு மருத்துவப் பெயர் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். பன்றி நாடாப்புழுவின் முட்டை மனிதர் வாய்க்குள் போனால், குடலில் அது பொரிந்து, இரத்தத்தோடு கலந்து தசைக்கோ கண்ணுக்கோ மூளைக்கோ போய்ச் சின்னப் பையாகத் தங்கிவிடும். உயிரோடு இருக்கும்வரை பல ஆண்டுகள்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் நம் உடல் அதை அந்நியன் என்று கண்டு சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டையில் மூளை வீங்குகிறது, வலிப்பு வருகிறது.

'நாங்கள் பன்றி இறைச்சி தொடுவதே இல்லையே' என்றார் அம்மா. பலரும் இப்படித்தான் கேட்பார்கள். சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றால் வருவது குடலில் நாடாப்புழு. அந்த நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். கழுவாத கையோடு அவர் சமைத்தாலோ, அந்த முட்டைகள் தண்ணீரிலும் கீரையிலும் காய்கறியிலும் சேர்ந்தாலோ, அதைச் சாப்பிடும் யாருக்கும் மூளையில் இந்த நோய் வரலாம். சுத்த சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரும். ஆகவே இது யாருடைய பாவத்துக்கும் அடையாளம் அல்ல; எந்தச் சாதியின், எந்தச் சாப்பாட்டின் குற்றமும் அல்ல. கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் எல்லோருக்கும் கிடைக்காத உலகத்தின் நோய் இது.

இத்தாலியில் இது அரிது. மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் வேலை செய்தும் இதைக் காணாமல் இருக்கலாம். இந்தியாவிலோ வலிப்புக்கு இது ஒரு பொதுவான காரணம். ஒரே படம், பாலெர்மோவில் பார்த்தால் ஒன்று நினைவுக்கு வரும், வேலூரில் பார்த்தால் வேறொன்று. அதனால்தான் அந்த மருத்துவர் 'எங்கே வாழ்ந்தாய்' என்று கேட்டார். அப்படிக் கேட்க வேண்டும் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது எப்படி? அந்தப் பாடத்தின் ஒரு பெரிய பகுதி நம் வேலூரில்தான் எழுதப்பட்டது.

நம் வேலூர் என்று சும்மா சொல்லவில்லை. 1820இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் அமெரிக்க மிஷன் மருத்துவராக வேலை தொடங்கியவர் டாக்டர் ஜான் ஸ்கடர். பின்பு 1836இல் அவர் சென்னைக்குப் போனார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அவர் கனடாவில் பயிற்சி பெற்றது, வலிப்பு நோய்க்கு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்வதில் பெயர்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம்.

இனி படத்தின் கதைக்கு வருவோம். 1895இல் ஜெர்மனியில் ரோன்ட்ஜென் எக்ஸ்-ரேயைக் கண்டார். எலும்பு தெரிந்தது. ஆனால் மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மென்மையான மூளை சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியாது. 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதல் தடவையாக சி.டி. ஸ்கேன் செய்தார்கள். அந்தக் கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். எக்ஸ்-ரே குழாய் தலையைச் சுற்றிச் சுற்றி வர, எந்தப் பக்கம் எவ்வளவு கதிர் ஊடுருவியது என்று கணினி கணக்குப் போட்டு, பாணைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோல மூளையின் ஒவ்வொரு அடுக்கையும் காட்டியது. 1979இல் அவருக்கும் ஆலன் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கருவி இந்தியாவுக்கு வந்ததும் ஒரு புதிர் எழுந்தது. வலிப்போடு வந்த ஏராளமானவர்களின் படத்தில் ஒரே ஒரு சின்ன வளையம். நம் நாட்டில் காசநோய் அதிகம். ஆகவே இதுவும் மூளையில் வந்த காசநோய்க் கட்டி என்றே பல மருத்துவர்கள் எண்ணினார்கள். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்துப் படம் எடுத்தால் வளையம் மறைந்திருக்கும். மருந்து வேலை செய்தது என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் காசநோய் மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் வளையம் மறைந்தது. அப்படியானால் அது என்ன?

வேலூரில் டாக்டர் மேத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் அவர்களோடு உழைத்தவர்களும் இந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. சில நோயாளிகளின் மூளையிலிருந்து அந்தப் புள்ளியை அறுவைச் சிகிச்சையில் எடுத்து நுண்நோக்கியில் பார்த்தார்கள். அங்கே அவர்கள் கண்டது நாடாப்புழுவின் குஞ்சு. 1989இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள்.

எல்லோருடைய மண்டையையும் திறந்து பார்க்க முடியாதே! ஆகவே திறக்காமலே பிரித்தறிய என்ன வழி என்று தேடினார்கள். 1993இல் அதற்கான அடையாளங்களை எழுதினார்கள். படத்தில் ஒரே ஒரு புள்ளி இருக்க வேண்டும். அதன் அளவு 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மூளையை நடுக்கோட்டிலிருந்து தள்ளும் அளவுக்குப் பெரிய வீக்கம் இருக்கக்கூடாது. இவை படம் சொல்பவை. மற்றவை படம் சொல்லாதவை: வந்தது வலிப்பாக இருக்க வேண்டும், தலைக்குள் அழுத்தம் கூடியதற்கான அறிகுறி இருக்கக்கூடாது, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகக்கூடாது, உடலில் வேறெங்கும் காசநோய் போன்ற வியாதி தெரியக்கூடாது.

கவனித்தீர்களா? பாதி அடையாளங்கள் ஸ்கேன் இயந்திரத்தில் இல்லை. நோயாளியின் வாயில் இருக்கின்றன. எப்போது தொடங்கியது, எத்தனை தடவை, கூடுகிறதா குறைகிறதா, வீட்டில் யாருக்கு என்ன இருந்தது? இவற்றை மறைத்துவிட்டால் உலகத்தின் மிக விலையுயர்ந்த கருவியும் ஒரு வளையத்தைக் காட்டிவிட்டு மௌனமாக நின்றுவிடும். அந்த வளையத்துக்குப் பெயர் வைக்க உண்மை வேண்டும்.

இப்போது வேதத்துக்கு வருவோம். மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனை இயேசுவிடம் கொண்டுவருகிறான். பையன் தரையில் விழுந்து நுரைதள்ளிப் புரளுகிறான். எல்லாம் அறிந்த ஆண்டவர் உடனே சுகமாக்கவில்லை. முதலில் தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: இது எப்போதிருந்து? தகப்பன் மறைக்கவில்லை. சிறு வயதிலிருந்தே என்றும், தீயிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான் என்றும், அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் சொல்கிறான். தன் விசுவாசக் குறைவையும்கூட அழுது சொல்லிவிடுகிறான். அவனுடைய உண்மையை ஆண்டவர் வெட்கப்படுத்தவில்லை.

அந்தப் பகுதியில் அசுத்த ஆவி என்று எழுதியிருக்கிறதே, ஆகவே எல்லா வலிப்பும் பிசாசுதானே என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. மத்தேயு 4ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலில் பிசாசு பிடித்தவர்கள் ஒரு வரிசை; சந்திரரோகிகள், அதாவது வலிப்பு நோயாளிகள், வேறொரு வரிசை. வேதமே இரண்டையும் பிரித்துச் சொல்லும்போது, நாம் ஏன் ஒன்றாகக் கலக்க வேண்டும்? விழுந்து துடிக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்துப் 'பேய்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்தச் சொல் அவனைவிட்டுப் போக எத்தனை ஆண்டு ஆகும்!

ஜெபம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த அம்மா இரவெல்லாம் ஜெபித்தது வீண் அல்ல. ஆனால் ஜெபித்துவிட்டுக் காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு மெதிகோவிடம் போயிருந்தால், அவன் குசினியில், கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில், விழுந்திருக்கமாட்டான். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு மருத்துவர் என்பது கொலோசெயர் நிருபத்தில் இருக்கிறது. ரோமாபுரிக்குப் போகும் வழியில் நாம் வாழும் இதே தீவில், சீரகூசாவில், அவர்கள் மூன்று நாள் தங்கியதை அப்போஸ்தலர் 28இல் வாசிக்கிறோம். அற்புதங்களைக் கண்ட பவுல், பக்கத்தில் ஒரு மருத்துவரையும் வைத்திருந்தார்.

அந்தத் தம்பிக்கு வலிப்பு மாத்திரையும், மருத்துவமனையில் வைத்துப் புழு மருந்தும், வீக்கம் குறைய மருந்தும் கொடுத்தார்கள். எந்த மருந்து, எவ்வளவு நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் வளையம் இல்லை. இப்போது அதே குசினியில் வேலை செய்கிறான். மாத்திரையை அவனாக நிறுத்தவில்லை.

தங்கையோடு ஒருநாள் பேசினோம். 'அம்மா சொல்லாதே என்றதைச் சொன்னது பாவமா?' என்று கேட்டாள். தாய் தகப்பனைக் கனம்பண்ணும் பிள்ளைக்கு வரவேண்டிய கேள்விதான். நாங்கள் சொன்னது இதுதான்: நீ அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை, அம்மா பயத்தில் சொல்ல முடியாததை அவருக்காகச் சொன்னாய். இன்று அந்த அம்மாவே இதை மற்றத் தாய்மாருக்குச் சொல்லுங்கள் என்கிறார். அதனால்தான் எழுதுகிறோம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 15 வயதுப் பிள்ளையின் தோளில் இவ்வளவு பாரத்தை வைக்க வேண்டாம். மருத்துவமனையில் மெதியாத்தோரே, அதாவது மொழிபெயர்ப்பாளர், இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சபையில் இத்தாலியன் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளைதான் போக வேண்டும் என்றால், 'எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்' என்று சொல்லி அனுப்புங்கள்.

இந்த மாதம் வாலிபர் கூட்டத்தில் செய்ய:

1. யாராவது வலிப்பில் விழுந்தால், சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழே மென்மையாக எதையாவது வையுங்கள். இழுப்பை அடக்கப் பிடித்து அமுக்காதீர்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் வலிப்பு நிற்காது. இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, இதுதான் முதல் தடவை என்றாலோ 112ஐ அழையுங்கள். முடிந்தால் ஒருவர் கைபேசியில் படம் பிடித்து மருத்துவருக்கு மட்டும் காட்டுங்கள். வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

2. உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதி வையுங்கள்: பிறந்த இடம், வாழ்ந்த நாடுகள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, வந்த நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்துகள். பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கி எறியாதீர்கள். புதிய படத்தைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் கூடியதா குறைந்ததா என்று தெரியும்.

3. மலங்கழித்த பின்பும் சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரை, காய்கறியை நன்றாகக் கழுவுங்கள். பன்றி இறைச்சியை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

4. மாற்கு 9ஆம் அதிகாரம் 14 முதல் 29 வரை சேர்ந்து வாசியுங்கள். அந்தத் தகப்பனின் இடத்தில் நம் வீட்டில் யார் நிற்கிறார்கள்? எதைச் சொல்லப் பயப்படுகிறார்கள்? அவர்கள் பயப்படாமல் சொல்லக்கூடிய சபையாக நாம் இருக்கிறோமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் எந்த ஸ்கேனிலும் தெரியாது. நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் சுகத்தோடு காப்பாராக. அடுத்த மாதம் சந்திப்போம்.